மைசெல்ஃப் எங்கே வரும், எங்கே வராது

இன்டர்வியூவில் "மைசெல்ஃப் குமார்" என்று ஆரம்பிப்பதை முதலில் விட்டுவிடுங்கள், "ஐ ஆம் குமார்" போதும். மைசெல்ஃப் தனியாக எழுவாயாக நிற்காது. செய்கிறவரும், அந்தச் செயல் யார்மேல் போய் விழுகிறதோ அவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் மைசெல்ஃப், ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் எல்லாம் உள்ளே வரும். "ஹீ பிளேம்ட் ஹிம்" என்றால் வேறொருவனைக் குறை சொன்னான், "ஹீ பிளேம்ட் ஹிம்செல்ஃப்" என்றால் தன்னையே நொந்துகொண்டான்.

ஆபீஸ் மெயில்களில்தான் இது அதிகம் சறுக்குகிறது. "பிளீஸ் கான்டாக்ட் ரவி ஆர் மைசெல்ஃப்" என்று எழுதிவிட்டீர்களா, ரவியைத் தூக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். "பிளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்" காதுக்கே உறுத்தும். அங்கே "மீ"தான் சரி. மீ என்றால் மரியாதைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி எதுவும் இல்லை.

மரியாதை என்றதும் இன்னொன்று. நாம் ஒரே ஆளையும் "நீங்கள்" என்போம், அதற்காக அவருக்கு யுவர்செல்வ்ஸ் போடக்கூடாது, எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் ஒருவர் என்றால் யுவர்செல்ஃப்தான். ஹிஸ்செல்ஃப், தெயர்செல்வ்ஸ் இரண்டும் இலக்கண ஆங்கிலத்தில் கிடையாது.

தமிழில் "கொள்" வரும் இடத்திலெல்லாம் செல்ஃப் போடத் தோன்றும். "வெட்டிக்கொண்டேன்" என்பதற்கு "ஐ கட் மைசெல்ஃப்" பொருந்தும், ஆனால் "படுத்துக்கொண்டேன்" வெறும் "ஐ லே டவுன்"தான். ரிலாக்ஸ், கான்சன்ட்ரேட் இரண்டும் அப்படித்தான், செல்ஃப் கேட்காது. என்ஜாய் இதற்கு நேர் எதிர்: டூர் போய்வந்து "வீ என்ஜாய்ட்" என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும், "வீ என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்" என்றோ "வீ என்ஜாய்ட் தி ட்ரிப்" என்றோ முடிக்க வேண்டும்.

அப்புறம், "நானே" என்று அழுத்திச் சொல்லவும் இது உதவும்: "ஐ குக்ட் இட் மைசெல்ஃப்." இந்த மைசெல்ஃபை எடுத்தாலும் வாக்கியம் உடையாது. "பை மைசெல்ஃப்" என்றால் தனியாக, துணையில்லாமல்.

கடைசியாக ஒரு குழப்பம். இரண்டு பேர் சண்டை போட்டு ஒருவரையொருவர் காயப்படுத்தினால் "தே ஹர்ட் ஈச் அதர்". அங்கே தெம்செல்வ்ஸ் போட்டால் அவரவர் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதாக ஆகிவிடும்.