கல்லீரல் புற்றுநோய்க் கண்காணிப்பில் சுருக்க எம்.ஆர்.ஐ: காவிரி டெல்டா ஸ்கேன் மையங்களுக்கான செய்முறை

சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றில் பலருக்குக் கூடும் ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும் செய்வதுதான் நிலைபெற்ற வழக்கம். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் ஆரம்பக் கட்டப் புற்றுக்கட்டிகளில் பாதியைக்கூட அல்ட்ராசவுண்ட் தனியாகப் பிடிப்பதில்லை. 2018இல் வந்த தொகுப்பாய்வு ஒன்றின்படி அதன் திறன் 47 விழுக்காடு, ஏ.எஃப்.பி. சேர்த்தால் 63. பருத்த உடலும் கொழுப்புக் கல்லீரலும் இருந்தால் படம் இன்னும் மங்கும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 30 முதல் 45 நிமிடம் பிடிக்கும் முழு எம்.ஆர்.ஐ.யை 10-15 நிமிடமாகச் சுருக்குகிறோம்.

யாரை அனுப்புவது என்பதை அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டே சொல்ல வேண்டும். கல்லீரல் எவ்வளவு தெரிந்தது என்பதற்கு ஏ, பி, சி என்று மூன்று தரம் உண்டு. ஒரு மடலில் பாதிக்கு மேல் தெரியவில்லை, அல்லது உதரவிதானத்தின் பெரும்பகுதி மறைந்துவிட்டது என்றால் அது சி; அவரைத்தான் சுருக்க எம்.ஆர்.ஐ.க்கு அனுப்ப வேண்டும். ‘கட்டி எதுவும் இல்லை’ என்று மட்டும் எழுதி, தரத்தை எழுதாமல் விடுவது நோயாளிக்குப் பொய்த் தைரியம் கொடுப்பதாகும். நோய் மிக முற்றி, மாற்றுக் கல்லீரலுக்கும் வாய்ப்பில்லாதவரை இந்தப் பரிசோதனைக்கு அலைய வைக்க வேண்டாம்.

முறைகள் மூன்று. கான்ட்ராஸ்ட் (படத்தில் வேறுபாட்டைக் கூட்ட ஊசியில் போடும் மருந்து) இல்லாத முறையில் டி2 (நீரைப் பளிச்சென்று காட்டுவது), டிஃப்யூஷன் (திசுவில் நீர் அசைவதைக் காட்டுவது), டி1 இன்-ஃபேஸ் அவுட்-ஃபேஸ் (கொழுப்பைக் காட்டுவது) என்ற மூன்று வகைப் படங்களும் எடுத்தால் போதும். ஊசி இல்லை, சிறுநீரக நிலைக்காகக் கிரியேட்டினின் பார்க்கும் வேலையும் இல்லை. இரண்டாவது டைனமிக் முறை: ஊசிக்கு முன் ஒரு படம், பிறகு மருந்து தமனிக்கு வரும்போது (தமனிக் கட்டம்), குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் போர்ட்டல் சிரைக்கு வரும்போது (போர்ட்டல் கட்டம்), இன்னும் சற்றுப் பிந்தி (தாமதக் கட்டம்). மூன்றாவது கேடாக்ஸடேட் (கல்லீரல் செல்கள் உறிஞ்சும் கான்ட்ராஸ்ட்) முறை: ஊசி போட்டு 20 நிமிடம் கழித்து எடுப்பது. இதில் ஊசியை வெளி அறையிலேயே போட்டு உட்கார வைத்தால் மெஷின் காலியாக இருக்கும். பிலிரூபின் (மஞ்சள் காமாலையில் கூடுவது) டெசிலிட்டருக்கு 3 மி.கி.யைத் தாண்டியவருக்கு கல்லீரல் அந்த மருந்தைச் சரியாக உறிஞ்சாது. அவருக்கு இந்த முறை வேண்டாம்.

வேதாரண்யத்திலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ பஸ் மாறி மாறி வருகிறவருக்கு டைனமிக் முறையே நல்லது என்பது எங்கள் கருத்து. சந்தேகப்படும்படி ஏதாவது தெரிந்தால், புற்றுக்கட்டியைப் போலத் தமனிக் கட்டத்தில் மிளிர்ந்து பிறகு மங்குகிறதா என்று அதே படத்தில் பார்க்கலாம்; பல நேரம் இரண்டாவது பயணம் மிச்சமாகும். இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 30க்குக் கீழே இருந்தால் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் கான்ட்ராஸ்ட் போடாதீர்கள்.

வருமுன் 4 மணி நேரம் வெறும் வயிறு. உள்ளே விடும்முன் தாலிச் சரட்டில் கோத்த ஊக்கை மறக்காமல் பாருங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, இரும்பு ஊக்கை இழுக்கும். தாயத்து, மெட்டி, வெள்ளி அரைஞாண், ஜரிகைத் துணி எல்லாம் வெளியே. பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்பது போலவே, நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறையிலோ லேத்திலோ வெல்டிங்கிலோ வேலை பார்த்தவரா என்றும் கேளுங்கள். கண்ணில் இரும்புத் துகள் போயிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே.

அளவுகள்: சாதாரண கடோலினியம் கான்ட்ராஸ்ட் (மி.லி.க்கு 0.5 மில்லிமோல் செறிவுள்ளது) கிலோவுக்கு 0.2 மி.லி., 60 கிலோ ஆளுக்கு 12 மி.லி.; வேகம் நொடிக்கு 2 மி.லி.; பின்னாலேயே 20 மி.லி. சலைன். கேடாக்ஸடேட் என்றால் கிலோவுக்கு 0.1 மி.லி., அதே ஆளுக்கு 6 மி.லி.தான், வேகம் நொடிக்கு 1 மி.லி. இரண்டு மருந்தையும் வைத்திருக்கும் மையத்தில் இந்த அளவுகளைச் சிரிஞ்ச் வைக்கும் இடத்திலேயே ஒட்டி வையுங்கள். டிஃப்யூஷனுக்கு பி மதிப்பு (நீரின் அசைவை எவ்வளவு நுணுக்கமாக உணர்வது என்ற அமைப்பு) 50, 400, 800, ஏ.டி.சி. வரைபடமும் (நீர் உண்மையில் எவ்வளவு அசைகிறது என்று கணக்கிட்ட படம்) கட்டாயம். அது இல்லாமல் டிஃப்யூஷனில் பளிச்சென்று தெரிவதையெல்லாம் கட்டி என்று நம்பினால் நீர்க்கட்டியில்கூட ஏமாறுவோம்.

பாழாகும் ஸ்கேன்களில் பெரும்பாலானவை மூச்சால் பாழாகின்றன. மேஜையில் ஏற்றும்முன் உட்கார வைத்தே மூன்று நான்கு முறை பழக்குங்கள்: “ஐயா, மூச்சை இழுங்க… விடுங்க… அப்படியே நிறுத்துங்க.” மூச்சை விட்ட நிலையில் நிறுத்தினால் கல்லீரல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். 15 நொடி தாங்காதவருக்கு ஸ்லைஸ்களைக் குறைத்து நேரத்தைச் சுருக்குங்கள். கேடாக்ஸடேட் போட்டவுடன் சிலருக்குச் சில நொடி மூச்சு தடுமாறும்; அந்த மருந்தை வைத்து டைனமிக் படங்களும் எடுத்தால் தமனிக் கட்டம் குலைவது அதனால்தான். தமனிக் கட்டம் சரியான நேரத்தில் விழுந்ததா என்று அறிய, போர்ட்டல் சிரையில் மருந்து லேசாக வந்திருக்க வேண்டும், கல்லீரல் சிரைகளில் வந்திருக்கக் கூடாது. இதை டெக்னீஷியனே மானிட்டரில் பார்த்துவிடலாம்.

வயிற்றில் நீர் கோத்தவரை 3 டெஸ்லா மெஷினில் எடுத்தால் நடுவே கருமை படியும், 1.5 டெஸ்லா இருந்தால் அங்கே அனுப்புங்கள். இடது மடலில் இதயத் துடிப்பு டிஃப்யூஷனை அழிக்கும். அந்தப் பகுதியை டி2-விலும் தேடாமல் ரிப்போர்ட் எழுத வேண்டாம்.

ரிப்போர்ட்டின் முடிவு தெளிவாக இருக்கட்டும். ஒன்றும் இல்லை என்றால் 6 மாதம் கழித்து மறுபடியும். 10 மி.மீ.க்குக் குறைந்த புள்ளி என்றால் 3 முதல் 6 மாதத்துக்குள். 10 மி.மீ.யோ அதற்கு மேலோ, அல்லது போர்ட்டல் சிரையில் புதிதாக அடைப்பு என்றால் பல கட்ட சி.டி. அல்லது முழு எம்.ஆர்.ஐ. உடனே. படம் சுத்தமாக இருந்தும் ஏ.எஃப்.பி. மி.லி.க்கு 20 நானோகிராமைத் தொட்டாலோ தொடர்ந்து ஏறினாலோ அதுவும் முழுப் பரிசோதனைக்குப் போக வேண்டியதுதான். கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தை மட்டும் வைத்து ‘புற்றுநோய்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தக் காகிதம் வீட்டுக்குப் போய் என்ன செய்யும் என்று தெரியும்தானே.

அடுத்த தேதியை வெறும் நாளாக எழுதினால் மறந்துபோகும். ஆடியில் ஒன்று, தையில் ஒன்று என்று சொல்லிக் கொடுங்கள். இரண்டுக்கும் சரியாக 6 மாதம். சம்பா அறுப்பு இழுத்துக்கொண்டால் மாசி முதல் வாரத்துக்குத் தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். பதிவேட்டில் நோயாளியின் எண்ணோடு வீட்டில் இருக்கும் இன்னொருவரின் எண்ணையும் வாங்குங்கள். கொடுத்த எண் பெரும்பாலும் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் மகனுடையது. அழைத்தால் சேதி கிடைக்கும், ஆள் வந்து சேர மாட்டார்.