நாவாட்ல் சித்திர எழுத்தில் விலங்கைப் படிப்பது எப்படி?

அஸ்டெக் சுவடியில் ஒரு முயலைப் பார்த்ததும் அது எதற்குக் குறியீடு என்று யோசிக்க வேண்டாம். அஸ்டெக்குகளின் மொழியான நாவாட்லில் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊர்ப்பெயர்களில் முக்கால்வாசி வேலை அந்த ஒலியில்தான் நடக்கிறது.

பழகுவதற்கு மெண்டோசா சுவடி நல்லது. 1521-ல் அஸ்டெக் தலைநகரான தெனோச்டிட்லான் வீழ்ந்து ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து உருவானது; இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. சித்திரத்தின் அருகிலேயே ஊர்ப்பெயர் ரோமன் எழுத்தில் இருக்கும். அதைக் கையால் மறைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

முயல், கூடவே ஒரு கொடி. முயல் 'தோச்ட்லி', கொடி 'பான்ட்லி'. சொற்கள் சேரும்போது ஈறு உதிரும், நம் மரக்கிளையில் 'ம்' போவதுபோல. மிஞ்சுவது தோச், பான்: தோச்பான், இன்றைய வெராக்ரூஸ் மாநிலத்துத் துஷ்பான். அந்த ஊருக்கும் கொடிக்கும் சம்பந்தமே இல்லை. '-பான்' என்ற இட விகுதியை வரைய வழியில்லாததால் கொடியின் ஒலியைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். மானோடு வரும் பல்வரிசையும் அப்படித்தான். பல் 'ட்லான்ட்லி', மான் 'மசாட்ல்', ஊர் மசாட்லான். பல்லீறோடு தனியாக நிற்கும் அந்தப் பற்களை மானின் வாயோடு சேர்த்துவிடாதீர்கள்.

பச்சை மணி வடிவம், அடியில் சிவப்பு மஞ்சள் பட்டை என்றால் மலை, 'தெபெட்ல்'. மேலே வெட்டுக்கிளி இருந்தால் சாபுல்தெபெக். இடத்தைக் குறிக்கும் கடைசி 'க்' விகுதி படத்தில் இருக்காது. படிப்பவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான்.

இன்னொரு பொறி: கழுகு 'குவாவ்ட்லி', மரம் 'குவாவிட்ல்'. ஈறு போனால் எழுத்தில் இரண்டும் 'குவாவ்'. குவாவ்டின்சானில் இருப்பது கழுகு, குவாவ்டிட்லானில் இருப்பது மரம். இங்கே மட்டும் பெயரை விட்டுப் படத்தை நம்புங்கள். பெயரில் 'கழுகு' ஒட்டிய கோஸ்காகுவாவ்ட்லியோ உண்மையில் பிணந்தின்னிக் கழுகு. மொட்டைத் தலையே அடையாளம்.

விலங்கின் பக்கத்தில் வட்டப் புள்ளிகள் இருந்தால் அது நாளோ ஆண்டோ. அஸ்டெக் நாட்காட்டியின் இருபது நாள்பெயர்களில் பத்து விலங்குப் பெயர்கள்; அவற்றில் ஆண்டுக்கும் வருவது முயல் மட்டும். மெண்டோசாவில் ஆண்டுகள் நீலக் கட்டத்துக்குள் இருக்கும். ஒற்றைப் புள்ளி முயல் என்றால் பஞ்சம் வந்த ஆண்டான 1454 என்று அவசரப்படாதீர்கள். சுழற்சி 52 ஆண்டு, ஆகவே 1506-ம் அதே சித்திரம்தான். பக்கத்தில் தெனோச்டிட்லானின் ஐந்தாம் அரசர் இருந்தால் முன்னது, ஒன்பதாமவர் இருந்தால் பின்னது. இருவர் பெயரும் மொக்டெசூமா என்பதால், பெயரைப் பார்க்காமல் முதல் அரசரிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள்.