பழி எல்லாம் கேமரா மேலேயா?

ஸ்டார் வார்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை: "பழைய மூணு படமும் பிலிம்ல எடுத்தது, அதான் உயிரோட இருக்கு. அப்புறம் டிஜிட்டல்னு வந்து கெடுத்துட்டாங்க." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு திரைப்பட வரிசையின் தோற்றமும் ஒலியும் எப்படி மாறின என்று எழுதவோ வீடியோ போடவோ உட்காருகிறவர், இந்த வாக்கியத்தை நம்பி ஆரம்பித்தால் வழி நெடுக சறுக்குவார்.

முதல் சறுக்கல் எந்தப் படம் டிஜிட்டல் என்பதிலேயே. 1999ல் வந்த 'தி ஃபேண்டம் மெனஸ்' டிஜிட்டல் கேமராவில் எடுத்தது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். ஒருசில ஷாட்டுகளைத் தவிர அது முழுக்க 35 மி.மீ. பிலிம். கணினி வேலை ஏராளம் என்பது உண்மை. அதே அளவுக்குக் கையால் செய்த மினியேச்சர்களும் உண்டு. பாட் ரேஸ் என்ற பந்தயக் காட்சியில், மைதானத்தில் தூரத்தில் தெரியும் கூட்டம் என்ன தெரியுமா? காது குடையும் பட்ஸ். ஆயிரக்கணக்கில் சாயம் பூசி, மாதிரி மைதானத்தில் வரிசையாகக் குத்தி வைத்து, கீழிருந்து காற்று அடித்து ஆட்டியிருக்கிறார்கள். "எல்லாம் கம்ப்யூட்டர்" என்று திட்டுகிறவர்கள் அந்தக் காட்சியை நிறுத்தி ஒருமுறை பார்க்கலாம்.

உண்மையான திருப்பம் 2002ல் வந்த 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்'. அதற்காக சோனியின் எச்டி கேமராவில் பானாவிஷன் லென்ஸ் மாட்டி எடுத்தார்கள். இங்கேதான் அடுத்த தவறு: படம் பிளாஸ்டிக் போலத் தெரிவதற்கு அந்தக் கேமராதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவது. கேமராவுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. சட்டகம் 1920 x 1080 புள்ளி. அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டினால் மிஞ்சுவது சுமார் 800 வரி. பதிவு செய்த டேப்பில் வெளிச்ச விவரத்தோடு ஒப்பிட்டால் நிற விவரம் மூன்றில் ஒரு பங்குதான். நீலத் திரைக்கு முன்னால் நடிகரை நிறுத்தி, நீலத்தை நீக்கி வேறு பின்னணி ஒட்டும் வேலைக்கு நிற விவரம்தான் ஆதாரம். அது குறைந்தால் முடி, தோள், துணி ஓரங்கள் கத்தரித்தது போல நிற்கும். 2005ல் அடுத்த படத்துக்கு நிறத்தை முழுதாகப் பதியும் கேமராவுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கண்ணை உறுத்துவதில் பெரும்பங்கு கேமராவிலிருந்து வரவில்லை. 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்' படத்தில் நாம் பார்க்கும் குளோன் வீரர் ஒருவர்கூட நிஜக் கவசம் போடவில்லை. அத்தனையும் கணினியில் வரைந்தவை. பாலைவனத்தில் நின்றால் மணலில் பட்டு எழும் வெளிச்சம் தாடைக்குக் கீழே விழும். ஸ்டுடியோவில் நீலத் துணிக்கு முன் நின்றால் அந்த வெளிச்சம் தானாக வராது. யாராவது யோசித்து வைக்க வேண்டும். மூளைக்கு இந்தக் கணக்கு தெரியும், வாய்க்குத்தான் தெரியாது. அதனால் "டிஜிட்டல்" என்று ஒரு பெயர் வைத்துவிடுகிறோம்.

சந்தேகம் இருந்தால் இரண்டு படங்களைப் பக்கத்தில் வையுங்கள். 2015ன் 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' பிலிமில் எடுத்தது. மறு வருடம் வந்த 'ரோக் ஒன்' டிஜிட்டல், ஆரி அலெக்ஸா 65 என்ற கேமரா. அதில் மாட்டியது அரை நூற்றாண்டுக்கு முந்தைய அல்ட்ரா பானாவிஷன் 70 லென்ஸ்கள். 1977ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் அழுக்கும் தூசியும் எதில் அதிகம் என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு டிஜிட்டல் படத்தைக் காட்டுவேன்.

ஒப்பிடும்போது எந்தப் பதிப்பு என்று பாராமல் விடுவதும் வழக்கமான பிழை. இன்று ஓடிடியில் கிடைக்கும் 1977 படத்தில் 1997ல் செருகிய கணினிக் காட்சிகள் இருக்கின்றன, ஒலியும் திருத்தப்பட்டது. ஃபேண்டம் மெனஸில் தியேட்டரில் பார்த்த யோடா என்ற குட்டிப் பச்சைக் கிழவர் பெரும்பாலும் பொம்மை. 2011 ப்ளூ-ரேயில் அதை எடுத்துவிட்டுக் கணினி யோடாவை வைத்துவிட்டார்கள். அந்த டிஸ்கைப் பார்த்துவிட்டு "அப்போதே இப்படித்தான்" என்று எழுதினால் என்ன செய்வது?

ஹாபிட் வரிசையிலும் இதே கதை. 2012ல் தியேட்டர்கள் சிலவற்றில் வழக்கமான 24க்குப் பதில் விநாடிக்கு 48 சட்டகம் ஓடியது. நாடகத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பது போல இருக்கிறது என்று முகம் சுளித்தவர்கள் அதைப் பார்த்தவர்கள். வீட்டுக்கு வந்த டிஸ்க் 24 சட்டகம்தான். அதைப் பார்த்து 48ஐத் திட்ட முடியாது. அந்தப் படங்களின் தோற்றத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது 3டி. அதற்கு முந்தைய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள் மூன்றிலும் குள்ளமாகத் தெரிய வேண்டியவரைத் தள்ளி உட்கார வைத்து, அருகில் இருப்பது போல ஏமாற்றினார்கள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் என்றானதும் தூரம் காட்டிக்கொடுத்துவிட்டது; தந்திரம் செத்தது. பிறகு நடிகர்களைத் தனித்தனி செட்டில் நிறுத்தி, ஒரே அசைவில் இரண்டு கேமராவை ஓட்டி இணைத்தார்கள்.

ஒலி விஷயத்தில் தவறு இன்னும் அடிப்படையானது. படம் டிஜிட்டல் ஆனபோதுதான் ஒலியும் ஆனது என்று நினைப்பு. ஒலி பத்து வருடம் முந்திக்கொண்டது. டால்பி டிஜிட்டல் என்ற தியேட்டர் ஒலி முறையில் முதலில் வெளிவந்தது 1992ன் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்'. அதுவும் ஒரு வரிசையின் இரண்டாம் படம். அந்தக் காலத்து பிரிண்ட் துண்டு கிடைத்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் பற்சக்கரம் மாட்டும் ஓட்டைகள். ஒரு ஓட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் பொடி தூவியது போலப் புள்ளிகள் நிறைந்த சின்னக் கட்டம், அதன் மத்தியில் டால்பியின் இரட்டை டி முத்திரை. அந்தப் புள்ளிகள்தான் ஒலி. பக்கத்திலேயே பழைய ஒலித்தடமும் ஓடும். புள்ளிகள் தேய்ந்துபோனால் கருவி அதற்குத் தாவிவிடும்.

ஸ்டார் வார்ஸின் லேசர் வாள் ரீங்காரத்தை டிஜிட்டல் ஒலி என்பவர்களும் உண்டு. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் அதை ஒரு பழைய புரொஜெக்டர் மோட்டாரின் முனகலையும் டிவியின் இரைச்சலையும் கலந்து செய்தார். வாள் வீசும்போது வரும் ஏற்ற இறக்கம், அந்த ஒலியை ஸ்பீக்கரில் ஓட்டி, முன்னால் மைக்கை வீசிப் பிடித்தது. அவ்வளவுதான்.

டிஜிட்டல் உண்மையில் ஒலியை மாற்றிய இடம் எடிட்டிங் மேசை. காட்சியைக் கடைசி நேரம் வரை நறுக்கலாம், மாற்றலாம் என்றாகிவிட்டது. ஸ்டார் வார்ஸ் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ், அப்போதைக்குத் தொகுத்து வைத்த ஒரு வடிவத்துக்கு இசை எழுதிப் பதிவு செய்து போவார்; படம் அதன்பின் வேறாகிவிடும். 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்' கடைசிப் போரைக் கண்ணை மூடிக் கேளுங்கள். ஃபேண்டம் மெனஸுக்குப் பதிவு செய்த இசையை அங்கங்கே வெட்டி ஒட்டியிருப்பது காதில் விழும்.