மீண்டும் விழித்த ரேடியோ விண்மீன் மண்டலத்தை வீட்டுக் கணினியில் இனங்காண்பது எப்படி?

விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளை தாரைகளை உமிழ்ந்து, நெடுங்காலம் ஓய்ந்து, மறுபடி உமிழத் தொடங்கும்போது பழைய தாரைகள் விட்டுச்சென்ற ரேடியோ மடல்களும் புதிய தாரைகளும் வானில் ஒருசேரத் தெரிகின்றன. மேட்டூரில் திறந்த நீர் கல்லணையைக் கடந்து வரும் வேளையில், போன பருவத்து நீர் கடைமடையில் இன்னும் தேங்கிக் கிடப்பதைப் போன்ற நிலை இது. திறந்த வெளியில் பழைய மடல் விரிந்து விரைவில் மங்கிவிடும். விண்மீன் மண்டலக் கொத்துகளிலோ, கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயு அதைச் சுற்றி அழுத்தி விரியவிடாமல் தடுப்பதால், குறைந்த அதிர்வெண்ணில் அது நெடுநாள் புலப்படுகிறது. ஆகவே தேடலைக் கொத்துகளில் தொடங்குவதே முறை.

டெல்டாவில் ஐப்பசியும் கார்த்திகையும் தொலைநோக்கியை வெளியே எடுக்க முடியாத மாதங்கள். மன்னார்குடியில் என்னிடம் வானியல் பயிலும் மாணவர்களுக்கு அந்த மாதங்களில் இந்தப் பயிற்சியையே கொடுக்கிறேன். தேவையான தரவுகள் அனைத்தும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதலில் இரண்டு படங்களைத் தரவிறக்கிக் கொள்ளுங்கள். ஒன்று, புணேக்கு வடக்கே கோடாட்டில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளைக் கொண்ட ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி 150 மெகாஹெர்ட்ஸில் எடுத்த டிஜிஎஸ்எஸ் வரைபடம். மற்றொன்று, அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி 1400 மெகாஹெர்ட்ஸில் எடுத்த என்விஎஸ்எஸ் வரைபடம். பழகுவதற்கு ஏபெல் 407 கொத்தின் நடுவிலுள்ள 4சி 35.06 என்னும் ரேடியோ மண்டலம் மிகவும் ஏற்றது. அதன் முறுக்கிய தாரைகளும் மங்கிய வெளிப்பகுதிகளும் ஜிஎம்ஆர்டி கொண்டு விரிவாக ஆராயப்பட்டுள்ளன. படங்களைப் பார்வையிட அலாடின் மென்பொருளும், அளவெடுக்க டிஎஸ்9 மென்பொருளும் போதும். கணக்கிடுவதற்கு மட்டும் பைத்தான் நிரல்மொழியையும் அதன் ஆஸ்ட்ரோபை தொகுப்பையும் பயன்படுத்துங்கள். டிஎஸ்9-இலேயே படத்தை மென்மையாக்கும் வசதி உண்டு என்றாலும், அது கற்றையின் (தொலைநோக்கி ஒரு புள்ளியாகக் காணும் வானப் பரப்பின்) அலகைக் கவனிப்பதில்லை என்பதால் இந்த வேலைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

அடுத்து வரும் படியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். டிஜிஎஸ்எஸ் படத்தின் கற்றை அகலம் 25 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு). என்விஎஸ்எஸ் படத்தினுடையது 45 விகலை. இவற்றை அப்படியே ஒப்பிட்டால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை. கூர்மையான படத்தை மங்கலான படத்தின் அளவுக்கு இறக்க வேண்டும். 45-இன் வர்க்கத்திலிருந்து 25-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 37.4 விகலை வரும்; மென்மையாக்கும் காஸியன் வடிவத்தின் அரையுச்ச அகலம் அதுதான். ஆஸ்ட்ரோபை கேட்பது அரையுச்ச அகலத்தை அன்று, திட்ட விலக்கத்தை, எனவே 2.355-ஆல் வகுத்து, பிறகு படத்தின் பிக்சல் அளவாலும் வகுக்க வேண்டும். மென்மையாக்கிய பின்பும் படத்தின் மதிப்புகள் பழைய கற்றைக்கே உரியவையாக நிற்கும் என்பதால், கற்றைப் பரப்புகளின் விகிதமான 3.24-ஆல் ஒவ்வொரு பிக்சலையும் பெருக்குங்கள். இந்தப் பெருக்கலை விட்டுவிட்டால், அதிர்வெண் கூடக்கூடப் பொலிவு எவ்வளவு குறைகிறது என்பதைக் காட்டும் சாய்வெண் 0.53 அளவுக்குத் தட்டையாகிவிடும். −1.5 இருக்க வேண்டிய முதிய மடல் −0.97 என்று காட்டி, இயல்பான மடல்களோடு கலந்துவிடும். நாம் தேடி வந்த பொருளே கணக்கிலிருந்து மறைந்துவிடும். காசா மென்பொருளின் இம்ஸ்மூத் கட்டளை இந்த அலகு மாற்றத்தைத் தானே செய்துகொள்ளும். ஆயினும் தொடக்கத்தில் ஒருமுறையாவது கையால் கணக்கிட்டுப் பார்க்கும்படி வற்புறுத்துவேன்.

பின்னர் ரீபுரொஜெக்ட் என்னும் பைத்தான் தொகுப்பைக் கொண்டு இரு படங்களையும் ஒரே பிக்சல் கட்டத்தில் பொருத்துங்கள். இரண்டு பாய அடர்த்திகளின் (ரேடியோ பொலிவுகளின்) விகிதத்தின் மடக்கையை, அதிர்வெண் விகிதத்தின் மடக்கையான 0.970-ஆல் வகுத்தால் நிறமாலைச் சாய்வெண் கிடைக்கும். 150 மெகாஹெர்ட்ஸில் 1000 மில்லிஜான்ஸ்கி (பாய அடர்த்தியின் அலகு) உள்ள ஒரு மடல், வழக்கமான −0.7 சாய்வில் இருந்தால், 1400-இல் ஏறத்தாழ 209 மில்லிஜான்ஸ்கி காட்டும். 30 மட்டுமே காட்டினால் சாய்வு −1.57. ஆற்றல் மிகுந்த எலக்ட்ரான்கள் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சாலும் அண்டப் பின்னணி ஒளியோடு மோதுவதாலும் முதலில் ஆற்றலை இழப்பதால், உயர் அதிர்வெண் முன்னதாக அணைகிறது. புதிய எலக்ட்ரான்கள் வந்து சேராத மடல் என்பதற்கு இதுவே அடையாளம்.

டிஜிஎஸ்எஸ்-இல் பளிச்சென்று தெரியும் ஒரு மடல் என்விஎஸ்எஸ்-இல் தெரியவே இல்லையென்றால், அந்தப் பகுதியை வெற்றிடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். என்விஎஸ்எஸ்-இன் இரைச்சல் கற்றைக்கு 0.45 மில்லிஜான்ஸ்கி, அதன் ஐந்து மடங்கான 2.25-ஐ மேல்வரம்பாகக் கொள்ளுங்கள். 150 மெகாஹெர்ட்ஸில் அதே 45 விகலைக் கற்றைக்கு 50 மில்லிஜான்ஸ்கி இருந்தால், சாய்வு −1.39-ஐ விடச் செங்குத்தானது என்று உறுதியாகச் சொல்லலாம். என் கருத்தில் இத்தகைய வெற்றிடங்களே இந்தப் பயிற்சியில் கிடைக்கும் மிக மதிப்புள்ள சான்றுகள்.

செங்குத்தான மடல் மட்டும் இருந்தால் அது அணைந்துபோன மண்டலமாக இருக்கலாம். மீண்டும் விழித்தது என்று சொல்ல, நடுவில் புதிய செயல்பாடும் தெரிய வேண்டும். 3 கிகாஹெர்ட்ஸில் 2.5 விகலைக் கூர்மையுள்ள விஎல்ஏஎஸ்எஸ் படத்தில் கருவையும் சிறு தாரைகளையும் தேடுங்கள். அவை அமைந்துள்ள இடம் பான்ஸ்டார்ஸ் ஒளிப்படத்தில் கொத்தின் மண்டலம் ஒன்றோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பின்னணியில் உள்ள தொடர்பற்ற மூலம் ஒன்று தற்செயலாக நடுவில் அமைந்துவிடுவதும் உண்டு.

பின்சேர்ப்பு: நாகப்பட்டினத்து வாசகர் ஒருவர் ஏபெல் 780 கொத்திலுள்ள ஹைட்ரா ஏ மண்டலத்தில் இதே முறையைச் செய்து பார்த்து, எண்கள் சரிவரவில்லை என்று எழுதியிருந்தார். நடுவரை விலக்கம் (வானில் அகலாங்கு போன்ற அளவு) +19 பாகைக்குத் தெற்கே செல்லச் செல்ல டிஜிஎஸ்எஸ் கற்றை வடக்கு-தெற்காக நீள்கிறது. ஹைட்ரா ஏ −12 பாகையில் இருப்பதால் அங்கே கற்றை 25-க்கு 29.2 விகலை, பெருக்கும் எண் 2.77, மென்மையாக்கும் அகலம் கிழக்கு-மேற்கில் 37.4, வடக்கு-தெற்கில் 34.2 விகலை. கற்றை அளவை மனப்பாடமாக எழுதாமல், ஒவ்வொரு ஃபிட்ஸ் (வானியல் படக்) கோப்பின் தலைப்புப் பகுதியிலிருந்தும் படித்து எடுத்துக்கொள்ளுங்கள்.