மிஸ்டு அபார்ஷன்: ஆபரேஷனுக்கு முந்தைய மாத்திரையில் நடக்கும் தவறுகள்

ஸ்கேனில் கருவின் இதயத் துடிப்பு இல்லை. ஆனால் ரத்தப்போக்கும் இல்லை, வலியும் இல்லை. கரு நின்றுபோன சேதி உடம்புக்கு இன்னும் எட்டவில்லை; இதைத்தான் மிஸ்டு அபார்ஷன் என்கிறார்கள். அதனால் கருப்பை வாய் இறுக மூடியே கிடக்கும். அதை அப்படியே வலுவில் விரித்தால் வாய் கிழியலாம், அபூர்வமாகக் கருப்பையில் ஓட்டையும் விழலாம். கருவை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் மிசோப்ரோஸ்டால் மாத்திரை கொடுத்து வாயை இளக வைப்பது இதற்காகத்தான்.

அதிகம் சொதப்புவது நேரத்தில். "மாத்திரையைப் போட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், ஒருவர் முந்தின ராத்திரியே போட்டுவிடுவார், இன்னொருவர் ஆஸ்பத்திரி வாசலில் போடுவார். குற்றம் அவர்களுடையது இல்லை. பிறப்புறுப்பில் வைத்தால் ஏறத்தாழ 3 மணி நேரம் முன்பு, நாக்குக்கு அடியில் வைத்தால் 1 முதல் 3 மணி நேரம் முன்பு என்பது பொதுவான கணக்கு. சீக்கிரமே போட்டால் வீட்டிலேயே வலியும் ரத்தப்போக்கும் கிளம்பும். தாமதமானால் கருப்பை வாய் இளகியிருக்காது. ஆபரேஷன் எத்தனை மணிக்கு, மாத்திரை எத்தனை மணிக்கு என்று இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாக்கடியில் வைக்கச் சொன்னதைத் தண்ணீர் விட்டு விழுங்குவதும் தவறுதான். அரை மணி நேரம் கரைய விட்டு, மிச்சத்தைத்தான் விழுங்க வேண்டும்.

அடுத்தது அளவு. ஒரு மாத்திரை பெரும்பாலும் 200 மைக்ரோகிராம். கருப்பை வாயை இளக்க வழக்கமாக 400, அதாவது இரண்டு. ஆபரேஷன் இல்லாமல் மருந்தாலேயே கருவை வெளியேற்றத் தருவது 800. தெரிந்தவர் ஒருவர் "எனக்கு நாலு கொடுத்தாங்களே" என்பார். அது வேறு சிகிச்சை. அதைக் கேட்டு இரண்டை நாலாக்காதீர்கள்.

உள்ளே இருக்கும் துண்டுச் சீட்டு வேறு பயமுறுத்தும்: கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்று போட்டிருக்கும். இது முதலில் வயிற்றுப்புண்ணுக்காக வந்த மருந்து. எச்சரிக்கை நல்லபடியாக வளரும் கர்ப்பத்துக்கானது. அதைப் படித்துவிட்டு மாத்திரையை ஒதுக்கிவைக்க வேண்டாம்.

மாத்திரை போட்டபின் குளிர் நடுக்கம், லேசான காய்ச்சல், பேதி, மாதவிடாய் போன்ற வலி வரலாம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கத் தேவையில்லை. இபுப்ரோஃபென் மிசோப்ரோஸ்டாலின் வேலையைக் கெடுக்காது. ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் முன்பே கேட்டுவையுங்கள். ரத்தம் பட ஆரம்பித்ததும் "எல்லாம் வந்துடுச்சு, ஆபரேஷன் வேண்டாம்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து. உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. போங்கள், மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் நனைந்து, அடுத்த மணியிலும் அப்படியே என்றால் குறித்த நேரத்துக்குக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

முழு மயக்கம் தரப்போகிறார்கள் என்றால், மாத்திரை போடுகிறோமே என்று இரண்டு வாய் சாப்பிட்டுவிடாதீர்கள். பொதுவாக உணவை நிறுத்தி 6 மணி நேரம், வெறும் தண்ணீரை நிறுத்தி 2 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ, கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி (நெகட்டிவ் ரத்த வகைக்காரர்களுக்கு அடுத்த கர்ப்பத்தைக் காக்கப் போடுவது) எனக்கு வேண்டுமா என்றும் அப்போதே கேளுங்கள். அந்தக் கலக்கத்தில் மறந்துபோகிற கேள்வி அது.