எட்டு ட்ராக் ரெக்கோடரில் முதல் பாட்டைப் பதிவது எப்படி

கொம்பியூட்டர் இல்லாமல் வீட்டில் ஒழுங்காகப் பாட்டுப் பதிய முடியுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். ஒவ்வொரு கருவியையும் தனித்தனி ட்ராக்கில் பதிந்து, அந்தப் பெட்டிக்குள்ளேயே கலந்து முடிக்கும் ரெக்கோடர்கள் 1979 இலிருந்தே இருக்கின்றன. அந்த வருடம் டாஸ்காம் கம்பனி வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோ, கசெட்டில் நான்கு ட்ராக் பதிந்தது. இப்போது கசெட்டுக்குப் பதில் எஸ்டி கார்ட். என்னிடம் இருப்பது டாஸ்காம் டிபி-008இஎக்ஸ். எட்டு ட்ராக் உண்டு, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டைத்தான் பதியும். சூம் கம்பனியின் ஆர்8 உம் கிட்டத்தட்ட அப்படித்தான். பட்டன்களின் பெயர் மாறினாலும் கீழே சொல்லும் ஒழுங்கு அதற்கும் பொருந்தும்.

தொடுதிரை வைத்த புது மாதிரிகள் எனக்குப் பிடிக்கவில்லை. மட்டக்களப்பு வெக்கையில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் சற்று நேரத்தில் விரலெல்லாம் வியர்த்துவிடும். அந்த விரலுக்குத் திருகும் குமிழ்தான் சொன்னபடி கேட்கும். ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும், அதில் சமரசம் கிடையாது.

வயரை எங்கே செருகுவது, மைக்கை ஸ்டாண்டில் எப்படி மாட்டுவது என்பதெல்லாம் பெட்டியைப் பார்த்தாலே தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கார்டும் கரண்டும்

எஸ்டி கார்டை ரெக்கோடருக்குள் போட்டு, அதன் மெனுவிலேயே போர்மட் செய்யுங்கள். கொம்பியூட்டரில் போர்மட் செய்த கார்டை நம்பிப் பதியத் தொடங்காதீர்கள். 32 ஜிபிக்கு மேல் வாங்க வேண்டாம், அவ்வளவு தேவையும் இல்லை. ஒரு ட்ராக்குக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்பிதான் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டில் எட்டு ட்ராக்கும் நிறைந்தாலும் 210 எம்பி சொச்சம்.

நான் அநேகமாக நான்கு டபுள் ஏ பற்றரியில்தான் பதிவேன். கரண்ட் போனால் சேமிக்காத பதிவும் சேர்ந்து போய்விடும் என்பது ஒரு காரணம். நம் வீட்டு வயரிங்கிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் முனகல் பற்றரியில் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பது இன்னொன்று. எதில் ஓட்டினாலும் ஒவ்வொரு நல்ல பதிவுக்குப் பிறகும் மெனுவில் சேவ் செய்யுங்கள். அணைக்கும்போது அணைக்கும் பட்டனையே பயன்படுத்துங்கள், பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

மைக்கை ட்ராக்குடன் சேர்ப்பது

கண்டென்சர் மைக் (கரண்ட் வேண்டும் நுண்ணிய மைக்) என்றால், மைக் வயர் வழியாகவே ரெக்கோடர் கொடுக்கும் 48 வோல்ட் பான்டம் பவரைப் போட வேண்டும், இல்லாவிட்டால் சத்தமே வராது. மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகையான டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. தொடங்குபவர்களுக்கு நான் டைனமிக்கைத்தான் சொல்வேன். தகரக் கூரையில் நடக்கும் காகத்தையும் தெருவில் போகும் ஓட்டோவையும் கண்டென்சர் உங்கள் குரலோடு சேர்த்துப் பிடித்துவிடும்.

பிறகு மைக் செருகிய இன்புட் ஏ எந்த ட்ராக்குக்குப் போக வேண்டும் என்று அசைன் செய்து, அந்த ட்ராக்கின் ரெக் பட்டனை அழுத்துங்கள். சிவப்பு விளக்கு மின்னினால் அந்த ட்ராக் பதிவுக்குத் தயார்.

மூன்று குமிழ்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடம்தான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மூன்று குமிழ்கள் இருக்கின்றன. மூன்றையும் திருகினால் ஹெட்போனில் சத்தம் கூடும், குறையும். காதுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் கார்டில் ஏறுவதைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று, மைக்கிலிருந்து உள்ளே வரும் ஒலியின் அளவை வைக்கும் இன்புட் ட்ரிம்.

ட்ராக்கின் லெவல் குமிழ், ஏற்கெனவே பதிந்ததை எவ்வளவு சத்தமாகத் திருப்பிக் கேட்பது என்பதற்கு மட்டும். ஹெட்போன் குமிழ் உங்கள் காதுக்கு மட்டும். குரல் காணாது என்று லெவலைக் கூட்டிவிட்டுப் பாடினால் கார்டில் ஏறுவது அதே மெல்லிய குரல்தான். மறுபக்கம், ட்ரிம் கூடி ஒலி உடைந்துவிட்டால் பிறகு லெவலை எவ்வளவு குறைத்தாலும் அது உடைந்த ஒலிதான், சத்தம் குறைந்த உடைந்த ஒலி.

அதனால் இந்த வரிசையில் செய்யுங்கள். ஹெட்போனைக் கழற்றி வையுங்கள். பாட்டிலேயே உச்சமான அடியை முழுச் சத்தத்தில் பாடுங்கள், அல்லது அடியுங்கள். திரையில் ஒலியளவைக் காட்டும் மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு, உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் (ஒலி உடையும் எல்லையான பூச்சியத்துக்கு 12 கீழே) நிற்கும்படி ட்ரிம்மைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகு பதிவு முடியும்வரை ட்ரிம்மைத் தொடவே கூடாது. ஹெட்போனை மாட்டி, கேட்கும் அளவை மற்ற இரண்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். 12 டெசிபலை வீணாக்குகிறோமே என்று கவலைப்பட வேண்டாம். இதன் 16 பிட் பதிவுக்கு, பிடிக்கக்கூடிய மிக மெல்லிய ஒலியிலிருந்து உச்சம்வரை, ஏறத்தாழ 96 டெசிபல் அகலம் உண்டு. வீட்டு அறையின் இரைச்சல் அந்த அடிமட்டத்துக்கு வெகு மேலே இருக்கும்.

கூத்தில் அடிக்கும் கைத்தாளமான சல்லரியில் மட்டும் மீட்டரையும் முழுதாக நம்ப முடியாது. அதன் அடி அவ்வளவு சுருக்கமானது, மீட்டர் காட்டுவதற்குள் போய்விடும். மைக்கை ஒரு மீட்டர் தூரம் தள்ளி வைத்து, ட்ரிம்மையும் இன்னும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். மத்தளத்துக்கும் தோலுக்கு நேரே மைக்கை நீட்டாமல், இரண்டு பக்கமும் தெரியும்படி முன்னால் வைத்தால் போதும்.

வழிகாட்டி ட்ராக்

ஒரே வேகத்தில் டிக் டிக் என்று தட்டும் மெட்ரோநோம் போட்டுத் தொடங்கச் சொல்வார்கள். மெல்லிசைக்கு, கிட்டாரோடு பாடும் பாட்டுக்குச் சரி. கூத்துப் பாட்டுக்கு அது சரிவராது. இழுத்துப் பாடும் விருத்தத்தைத் தாளத்துக்குள் அடைக்க முடியாது. தாளத்தோடு பாடும் தரு போகப் போக வேகம் பிடிக்கும், அந்த வேகத்தைக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளம்தான் நடத்தும். கண்ணகி அம்மன் சடங்கில் பாடும் குளிர்த்திப் பாட்டும் உடுக்கின் பின்னால்தான் போகும். எனவே பாடுபவரையும் சல்லரியையும் ஒன்றாக உட்காரவைத்து, எட்டாவது ட்ராக்கில் பாட்டை முழுதாகப் பதிந்துவிடுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. அதைக் கேட்டுக்கொண்டு மத்தளத்தை ஒன்றில், சல்லரியை இரண்டில், பிற்பாட்டை மூன்று நான்கில், முதற்குரலைக் கடைசியாக ஐந்தில் பதியலாம். எல்லாம் முடிந்ததும் எட்டாவதை அழித்துவிடுங்கள்.

கேட்டுக்கொண்டு பதியும்போது காதை முழுதாக மூடும் ஹெட்போன் வேண்டும். இல்லாவிட்டால் அதில் கசியும் சல்லரி குரல் ட்ராக்கிலும் ஏறிவிடும்.

பிற்சேர்க்கை: இரண்டாவது ட்ராக் எப்போதும் பிந்தியே விழுகிறது என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில், ஹெட்போன் துளையில் சிறிய புளூடூத் கருவி ஒன்றைச் செருகி அதன் வழியாகக் கேட்டிருக்கிறார். புளூடூத் பல வேளைகளில் பத்தில் ஒரு செக்கனுக்கும் மேலாக ஒலியைத் தாமதப்படுத்தும். பிந்திக் கேட்டால் பிந்தித்தான் பாடுவோம். வயர் ஹெட்போனே வேண்டும்.

பிற்சேர்க்கை 2: அறை எதிரொலிக்குப் பன்பாய் தொங்கவிடலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். மெல்லிய பாய்க்குப் பெரிய பலன் இல்லை. மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள். அது இல்லாவிட்டால் மருதமுனைக் கைத்தறிப் போர்வை இரண்டை மடித்து, பாடுபவரின் முதுகுப் பக்கம் தொங்கவிடுங்கள். மைக் அந்தப் பக்கத்தைத்தானே பார்க்கிறது.

ட்ராக் போதாவிட்டால்

பவுன்ஸ் என்று ஒரு வசதி உண்டு. ஒன்று முதல் நான்குவரை உள்ளதைக் கலந்து ஏழிலும் எட்டிலும் பதிந்துவிட்டு, அந்த நான்கையும் மீண்டும் பயன்படுத்தலாம். கலந்த பிறகு சல்லரியை மட்டும் தனியாகக் குறைக்க முடியாது. ஆகவே பழைய ட்ராக்குகளின் மேல் பதிவதற்கு முன் அவற்றை வேவ் கோப்புகளாக எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

கலந்து வெளியே எடுப்பது

முதற்குரலையும் மத்தளத்தையும் நடுவில் வையுங்கள். சல்லரியைச் சற்று ஒரு பக்கமும் பிற்பாட்டை இரு பக்கமும் தள்ளுங்கள். ரிவேர்ப், அதாவது சேர்க்கும் எதிரொலி, குரலுக்குக் கொஞ்சம் போதும், மத்தளத்துக்கு வேண்டாம். பாட்டு முடியும் இடத்தை அவுட் புள்ளியாகக் குறித்துவிட்டு, எல்லாம் கலந்த முடிவான பதிவான மாஸ்டரைப் பதியுங்கள். குறிக்கும்போது கடைசி அடியின் நாதம் ஓயும்வரை விடுங்கள், வெட்டிவிடாதீர்கள்.

டாஸ்காமில் பதிவுகள் கார்டின் ஒரு தனிப் பகுதியில் இருக்கும், கொம்பியூட்டருக்கு அந்தப் பகுதி தெரியாது. மாஸ்டரை எக்ஸ்போர்ட் செய்தால்தான் கோப்பு கண்ணில் படும். ஐந்து நிமிடப் பாட்டு ஏறத்தாழ 53 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டொக்கியுமென்டாக இணைத்து அனுப்புங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடித்து வொயிஸ் மெசேஜாக எடுத்து அனுப்புபவர்களும் இருக்கிறார்கள், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.