லூச்சா லிப்ரே பார்க்கத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள்

முகமூடி மல்யுத்த வீரர் ரே மிஸ்டீரியோவைப் பார்த்து வளர்ந்த பலர் இப்போது லூச்சா லிப்ரே என்கிற மெக்சிகோ மல்யுத்தத்தின் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். 2025இல் மெக்சிகோவின் ஏஏஏ மல்யுத்த நிறுவனத்தை வாங்குவதாக அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஈ அறிவித்த பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் பழைய ஆட்கள் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில் ஒவ்வொருவராக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"எல்லாம் நாடகம்தானே" என்ற பேச்சை விட்டுவிடுகிறேன். முடிவை முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள் என்பது மெக்சிகோ நகரின் பெரிய மல்யுத்த அரங்கமான அரேனா மெஹிகோவில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரியும். தெரிந்துதான் எழுந்து நின்று திட்டுகிறார். அதேபோல ஸ்பானிஷ் தெரியாமல் பார்க்கலாமா என்ற கேள்வியும் வேண்டாம். தாராளமாகப் பார்க்கலாம்.

அமெரிக்க விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது

"கூட்டாளியின் கையைத் தட்டாமலே அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டானே, நடுவர் தூங்குகிறாரா?" புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள். நடுவர் தூங்கவில்லை. ரிங்கைவிட்டு ஒருவர் வெளியே உருண்டு போனாலே போதும், அவருடைய கூட்டாளி உள்ளே வரலாம். ஆட்டம் அவ்வளவு வேகமாக ஓடுவதற்கு இந்த ஒரு விதிதான் பெரிய காரணம்.

வாராவாரம் நடப்பதில் பெரும்பாலானவை மூன்று பேருக்கு மூன்று பேர் போட்டிகள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவர் உண்டு. தலைவரை வீழ்த்தினால் அந்தச் சுற்று முடிந்தது. இல்லையென்றால் மற்ற இருவரையும் வீழ்த்த வேண்டும். தலைவர் யார் என்று ஆரம்பத்திலேயே கவனித்து வைக்காவிட்டால், சுற்று ஏன் சட்டென்று முடிந்தது என்று விழித்துக்கொண்டிருப்பீர்கள். மூன்று சுற்றில் இரண்டை ஜெயித்தவர்களுக்கு ஆட்டம்.

இன்னும் இரண்டு விஷயம். எதிராளியைத் தலைகீழாகப் பிடித்து உச்சந்தலை தரையில் இடிக்கும்படி இறக்கும் 'மார்த்தினேத்தே' அடி அங்கே தடை செய்யப்பட்டது. அடித்தால் போட்டியே போய்விடும். எதிராளியின் முகமூடியைக் கழற்றி எடுத்தாலும் அப்படித்தான். ஆனால் பின்னாலிருந்து அதன் கயிற்றைத் தளர்த்துவதும் துணியைக் கிழிப்பதும் பல நேரம் நடுவரின் கண்ணில் படாது. ஏமாற்றி ஆடும் ரூடோக்களின் பிழைப்பே அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது.

ரூடோ என்றால் வில்லன் என்று முடிவு கட்டுவது

விதியை மதித்து அழகாக ஆடுபவர் டெக்னிகோ, முரட்டுத்தனமாகவும் ஏமாற்றியும் ஆடுபவர் ரூடோ. இதுவரை சரி. ஆனால் அரங்கம் முழுக்க டெக்னிகோவின் பக்கம் இருக்கும் என்று நினைப்பது தப்பு. ரூடோக்களுக்கென்றே மேளமும் ஊதுகுழலுமாக வந்து உட்காரும் கூட்டம் இருக்கிறது. குடும்பத்திலேயே அப்பா ரூடோ கட்சி, மகள் டெக்னிகோ கட்சி என்று பிரிந்து உட்கார்ந்து ஒருவரையொருவர் வம்புக்கு இழுப்பார்கள்.

வெள்ளி முகமூடி எல் சாந்தோவை மெக்சிகோவே தெய்வமாகக் கொண்டாடியது. அவர் 1942இல் அந்தப் பெயரில் களம் இறங்கியது ரூடோவாகத்தான். 1962 வாக்கில்தான் டெக்னிகோ பக்கம் வந்தார். இருபது வருஷம் முரடனாக ஆடியவர்தான் குழந்தைகளின் நாயகனாக ஆனார்.

முதல் சுற்றை ஓட்டிவிடுவது

கயிற்றின்மேல் ஏறிப் பறக்கிற காட்சிக்காக வந்தவர்கள் தரையில் நடக்கும் பிடிகளைப் பார்த்தவுடன் வீடியோவை முன்னே தள்ளிவிடுகிறார்கள். மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவது, அதிலிருந்து உருண்டு விடுபட்டு எதிராளியின் காலைப் பூட்டுவது, அந்தப் பூட்டிலிருந்தே அவர் இன்னொரு பூட்டு போடுவது என்று போகும் இந்தப் பகுதிதான் இருவரில் யார் கை தேர்ந்தவர் என்று காட்டுகிறது. புளூ பாந்தர், நெக்ரோ நவார்ரோ, சோலார் ஆகியோரின் பழைய ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். எவரும் பறக்காத பத்து நிமிஷம் எப்படிப் போனதென்றே தெரியாது.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மெக்சிகோவில் பிடிகள் பெரும்பாலும் உடம்பின் வலப்பக்கத்தில் போடப்படும். அமெரிக்காவில் இடப்பக்கம். அங்கேயிருந்து வருகிற வீரர்கள் முதல் சில வாரம் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகமூடிப் போட்டியின் முடிவைத் தெரிந்துகொண்டு உட்காருவது

மற்ற எல்லாத் தவறுகளையும் பார்க்கப் பார்க்கத் திருத்திக்கொள்ளலாம். இதை மட்டும் முடியாது. அதனால்தான் இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

பந்தயப் போட்டி என்று ஒன்று உண்டு. முகமூடிக்கு முகமூடி, முகமூடிக்குத் தலைமுடி, முடிக்கு முடி. தலைமுடியைப் பணயம் வைத்தவர் தோற்றால் ரிங்கிலேயே மொட்டை. முகமூடியைப் பணயம் வைத்தவர் தோற்றால் அதை அங்கேயே கழற்றி, ஜெயித்தவர் கையில் கொடுத்துவிட்டு, மைக்கில் தன் உண்மைப் பெயர், சொந்த ஊர், எத்தனை வருஷமாக மல்யுத்தம் செய்கிறார் என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்த முகமூடியை அவர் மறுபடி போடக் கூடாது. சாம்பியன் பெல்ட்டை இழந்தால் அடுத்த வருஷம் திரும்பப் பிடிக்கலாம். இதற்கு அந்த வழியெல்லாம் கிடையாது. அதனால் அங்கே பட்டப் போட்டியைவிட இதற்குத்தான் மதிப்பு.

ரே மிஸ்டீரியோ 1999 பிப்ரவரியில் அமெரிக்காவின் டபிள்யூசிடபிள்யூ நிறுவனத்தில் ஒரு ஜோடிப் போட்டியில் முகமூடியை இழந்தார். அவருக்கே அதில் விருப்பமில்லை. பிறகு 2002இல் டபிள்யூடபிள்யூஈக்கு வந்தபோது மறுபடி மாட்டிக்கொண்டார். நம்மூர்ப் பிள்ளைகள் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மெக்சிகோ ரசிகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள்.

என் நண்பனின் தம்பி ஒருவன். ஆர்வமான பையன். "அண்ணா, ஒரே ஒரு போட்டி சொல்லுங்க, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்" என்றான். 2000 மார்ச் 17 அன்று அரேனா மெஹிகோவில் நடந்த அட்லாண்டிஸ், வியானோ தெர்செரோ போட்டியைச் சொன்னேன். பேரைப் போட்டுத் தேடாதே, இணைப்பை நானே அனுப்புகிறேன் என்றும் படித்துப் படித்துச் சொன்னேன். ராத்திரி குறுஞ்செய்தி வந்தது: "பாத்துட்டேன் அண்ணா, கடைசி ஆறு நிமிஷம். அவர்தானே தோத்தாரு? விக்கியிலேயே போட்டிருக்கே." தேடியிருக்கிறான். முதல் படத்திலேயே திறந்த முகம் வந்து நின்றிருக்கிறது. அப்புறம் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சான்றிதழ் வேறு. கொலைக் கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் படித்துவிட்டு ஆசிரியரைப் பாராட்டுவது போலத்தான் இது.

அவன் எதை இழந்தான் என்று சொல்கிறேன். வியானோ தெர்செரோ ரே மெந்தோசாவின் மகன். ரே மெந்தோசா தன் காலத்தில் பெரிய சாம்பியன், அவருடைய ஐந்து மகன்கள் வியானோ என்ற பெயரோடு முதல், இரண்டாம், மூன்றாம் என்று வரிசையாக முகமூடி போட்டு ஆடினார்கள். அதில் மூன்றாமவர் இவர். முகம் காட்டாமல் முப்பது வருஷத்தை நெருங்கியவர், ரூடோ. எதிரே 1983 முதல் ஆடிவரும் அட்லாண்டிஸ், டெக்னிகோ. இரண்டு முகமூடியில் ஒன்று அன்றைக்குப் போயே தீரும் என்று அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எது என்பது மட்டும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் ஆட்டத்தையே தாங்கிப் பிடிக்கிறது. ஒவ்வொரு தடவை நடுவர் கை தரையைத் தட்டும்போதும் பதினாறாயிரம் பேர் கொள்ளும் அரங்கம் ஒன்றாக மூச்சைப் பிடிக்கிறது. முடிவு தெரிந்தவனுக்கு அது வெறும் இரண்டு எண்ணிக்கை.

அப்புறம் வருவது கயிறு. முகமூடியின் பின்பக்கம் ஷூவில் கோப்பதுபோலக் கயிறு கோத்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். மெக்சிகோ மல்யுத்தத்துக்கான முதல் முகமூடியை 1934இல் தைத்துக் கொடுத்தவரே அந்தோனியோ மார்த்தினெஸ் என்ற ஷூ தைப்பவர்தான். தோற்றவர் ரிங்கின் நடுவில் நிற்க, யாராவது ஒருவர் அந்தக் கயிற்றை ஒவ்வொரு கண்ணியாகத் தளர்த்துவார். வியர்வையில் ஊறிய முடிச்சு சுலபத்தில் அவிழாது. அந்த அரை நிமிஷத்தை ஒருவரும் அவசரப்படுத்துவதில்லை. கீழே தோற்றவரின் குடும்பம் அழுதுகொண்டிருக்கும். பல சமயம் அவருக்கு எதிராகக் கத்திய கூட்டமே எழுந்து நின்று கைதட்டும், சில்லறையும் நோட்டுமாக ரிங்குக்குள் எறியும். அங்கே அது அவமானமில்லை, மரியாதை. துணி மேலே ஏறும்போது முதலில் தாடை தெரியும். இவ்வளவு நாள் பார்த்த மனிதருக்கு இப்படி ஒரு தாடையா என்று தோன்றும்.

யார் தோற்றார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. எனக்கும் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

சரி, எப்படித்தான் பார்ப்பது? வீரரின் பெயரைத் தேடலில் போடாதீர்கள். முகமூடி போன வீரரின் உண்மைப் பெயர் கட்டுரையின் முதல் வரியிலேயே இருக்கும். படமும் பக்கத்திலேயே இருக்கும். தெரிந்த ஒருவரிடம் சொல்லி இணைப்பை வாங்கிக்கொள்ளுங்கள், கருத்துப் பகுதியைத் திறக்காமல் முழுத்திரையில் போடுங்கள். முடிந்தால் அதற்கு முந்தைய வாரங்களின் மூவர் போட்டிகளில் இரண்டையாவது முதலில் பாருங்கள். பகை வளர்வது அங்கேதான். ஒருவர் முகமூடியை இன்னொருவர் கிழிப்பதும், கிழிந்த துணியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவர் உடைமாற்றும் அறைக்கு ஓடுவதும், அடுத்த வாரம் மைக்கைப் பிடுங்கிச் சவால் விடுவதும் அந்தப் போட்டிகளில்தான் நடக்கும்.

இதே முறையில் பார்க்க வேண்டிய இன்னொன்று: 1983 செப்டம்பர் 23இல் நடந்த சாங்ரே சிக்கானா, எம்எஸ் ஒன் போட்டி. அது முடிக்கு முடி. ரத்தம் கொஞ்சம் அதிகம், சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள்.

சாந்தோ விஷயத்தில் மட்டும் ரகசியம் காக்கத் தேவையில்லை. 1952 நவம்பர் 7இல் அவர் பிளாக் ஷாடோவின் முகமூடியை எடுத்தார். ஷாடோவின் ஜோடியான புளூ டீமன் அதற்குப் பழிவாங்கப் புறப்பட்டு, மறுவருஷம் சாந்தோவின் பட்டத்தைப் பறித்தார். சாந்தோ கடைசிவரை முகமூடியை இழக்கவில்லை. 1984 ஜனவரிக் கடைசியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தானாகவே அதைச் சற்றே உயர்த்தி முகம் காட்டினார். பிப்ரவரி 5 அன்று இறந்துவிட்டார். வெள்ளி முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

எக்சோட்டிகோ வந்தால் காமெடி என்று நகர்ந்துவிடுவது

எக்சோட்டிகோ என்றால் பளபளக்கும் ஆடையும் ஒப்பனையுமாக வரும் ஆண் வீரர்கள். இவர்கள் 1940களிலிருந்தே இருக்கிறார்கள். நடுவருக்கு முத்தம் கொடுக்கச் சொல்லிக் கூட்டம் கத்துவது உண்மைதான். அதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கசாந்த்ரோ என்ற எக்சோட்டிகோ 1992இல் மெக்சிகோவின் யூடபிள்யூஏ நிறுவனத்தின் உலக லைட்வெயிட் பட்டத்தை ஜெயித்தார் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விடுகிறார்கள். கயிற்றுக்கு மேலிருந்து அவர் குதித்த குதியில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

பெயரை நம்புவது

முகமூடிக்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். பெயர் பல சமயம் நிறுவனத்துக்குச் சொந்தம். 2004இல் அறிமுகமாகி அரேனா மெஹிகோவை நிரப்பிய மிஸ்தீகோ 2011இல் டபிள்யூடபிள்யூஈக்கு 'சின் காரா'வாகப் போனார். மெக்சிகோவில் அந்தப் பெயரை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது 'கரீஸ்திகோ' என்று ஆட வேண்டியிருந்தது. 2021இல்தான் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. அதனால் பழைய வீடியோ பார்க்கும்போது முதலில் வருஷத்தைப் பாருங்கள்.

லா பார்க்கா என்ற பெயரிலும் இதே கதை. டபிள்யூசிடபிள்யூவில் நாற்காலியோடு ஆடிய எலும்புக்கூட்டுக்காரர் வேறு, ஏஏஏவில் பிறகு அதே உடையில் ஆடியவர் வேறு. முதலாமவர் எல்ஏ பார்க் என்று பெயரை மாற்றிக்கொண்டார். இரண்டாமவர் 2020 ஜனவரியில் இறந்தபோது உலகம் முழுக்கப் பாதிப் பேர் தப்பான ஆளுக்கு அஞ்சலி எழுதினார்கள்.

முதல் வாரத்திலேயே முகமூடி வாங்குவது

வாங்கிக்கொள்ளுங்கள். அரங்க வாசலில் கிடைப்பது பொம்மைத் தரம், வீரர் போடுவதன் விலை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

கடைசிப் போட்டிக்கு மட்டும் உட்காருவது

பெண்கள் போட்டிகளும் நாளைய நட்சத்திரங்களும் பெரும்பாலும் முதல் பாதியில்தான் வருவார்கள். மெக்சிகோ நகரில் பெண்கள் மல்யுத்தம் செய்ய 1986 வரை தடை இருந்தது. அது நீங்கிய பிறகு வளர்ந்த ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள். அரேனா மெஹிகோவின் வெள்ளி இரவு நிகழ்ச்சி அங்கே எட்டரைக்குத் தொடங்குகிறது. நமக்கு அது சனிக்கிழமை காலை எட்டு மணி.